கூட்டாளியோட துவக்க (துப்பாக்கிய) நாம வாங்கி வச்சிருக்கலாமா? ராகலைப் பக்கம் நாங்க அலைஞ்ச அலைச்சல்

முதல்லயே சொல்லிடுறேன், ஏலாது. கூட்டாளியோ சொந்த மச்சானோ, யாரா இருந்தாலும் அவங்க பேர்ல லைசன் உள்ள துவக்க நம்ம கையில வாங்கி வச்சிருக்க ஏலாது, ஒரு ராத்திரிக்குக் கூட. இத ஒரு வரியில சொல்ல வேண்டியவங்க ஆளுக்கு ஒண்ணு சொல்லி எங்கள அலைய விட்டாங்க, அந்தக் கோவம் இன்னும் போகல.

இலங்கையில நுவரெலியா மாவட்டத்து ராகலைப் பக்கம் கிழங்கு, லீக்ஸ், கரட் போடுறவங்களுக்கு காட்டுப்பன்னிய பத்தி நான் சொல்லத் தேவையில்ல. கிழங்கு முத்துற நேரத்துல கூட்டமா எறங்குச்சுன்னா விடியுறப்போ பாத்தியே இருக்காது, விதைக்கிழங்கு வாங்குன கடன் மட்டும் இருக்கும். பக்கத்துக் காணிக்கார அண்ணன் கிட்ட 12 போர் துவக்கு ஒண்ணு இருக்கு, பயிர் பாதுகாப்புக்கு எடுத்த லைசன், வருஷா வருஷம் ஒழுங்கா புதுப்பிக்கிறவரு. அவருக்கு ஒரு ஆபரேஷன் முடிஞ்சு கொஞ்ச மாசம் கண்டியில மக வீட்ல இருக்க வேண்டியதாப் போச்சு. "நீயே வச்சிரு தம்பி, ரெண்டு காணியும் பக்கத்துப் பக்கத்துல தானே, பன்னி வந்தா என்னுதையும் பாத்துக்க"ன்னாரு. நல்ல மனசுல சொன்னதுதான். ஆனா துவக்காச்சே, கேட்டுட்டு செய்வோம்னு ரெண்டு பேரும் சேர்ந்து பொலிசுக்கு போனோம்.

அங்க முன்னுக்கு இருந்தவரு தலைய நிமித்தாமலே, "ரெண்டு பேரும் சைன் வச்சு ஒரு கடிதம் எழுதி ஜேபி (சமாதான நீதவான்) கிட்ட சீல் அடிச்சு வச்சுக்கோங்க, பிரச்சினை வராது"ன்னு சொல்லிட்டாரு. ஜேபி கிட்ட போனா அவரும் ஒண்ணும் கேக்காம சத்தியக்கடதாசி எழுதித் தர ரெடி. எனக்கு மனசுக்கு சரியாப் படல. ஒரு துவக்கு ஆள் மாறுறதுக்கு ஒரு கடதாசி போதும்னா எதுக்கு இவ்வளவு பேர் லைசனுக்கு அலையுறாங்க? அண்ணன கூட்டிக்கிட்டு நேரா நுவரெலியாவுக்கு போய் ஒரு லொயர பார்த்தோம். அவருக்கு குடுத்த காசுதான் இந்த மொத்த விஷயத்துலயும் பிரயோசனமா செலவழிச்ச காசு.

அவர் சொன்னது: நாட்டுல துவக்கு சம்பந்தமா உள்ளது 1916-ம் ஆண்டு 33-ம் இலக்க கட்டளைச் சட்டம், வெள்ளைக்காரன் காலத்துது, ஆனா இன்னிக்கும் அதுதான், 1996-ல திருத்தி தண்டனைய நல்லா கூட்டியிருக்காங்க. லைசன் குடுக்குறது ஆளுக்கு, அதுவும் அதுல நம்பர் போட்டிருக்குற அந்த ஒரு துவக்குக்கு. லைசன் இல்லாத ஆள் கையில வச்சிருந்தா அவன் மேல கேஸ், தூக்கிக் குடுத்தவனுக்கும் பிரச்சினை, அவரு லைசனும் போயிடும். "அந்த ஜேபி கடதாசி உங்கள காப்பாத்தாது, நீங்க ரெண்டு பேரும் செஞ்சத நீங்களே எழுதி சைன் வச்சுக் குடுக்குற சாட்சி அது"ன்னாரு. அண்ணனுக்கு முகமே வெளுத்துப் போச்சு. ஸ்டேஷன்ல சொன்னத நம்பி அன்னிக்கே துவக்க தூக்கிட்டு வந்திருந்தா எங்க ரெண்டு குடும்பமும் இன்னிக்கு கோர்ட்டுக்கு நடந்துகிட்டு இருக்கும். அதனால வாயால சொல்றத யாரு சொன்னாலும் நம்பாதீங்க, "எழுத்துல தாங்க சேர்"னு கேளுங்க, அப்பதான் உண்மையான பதில் வரும்.

சரியான வழி என்னன்னா, வீட்ல ஆள் இருக்க மாட்டாருன்னா துவக்க ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு ரசீது வாங்குறது. அதுக்கும் முதல்ல வைக்க இடமில்ல, நாளைக்கு வாங்கன்னாங்க, ஸ்டேஷன் பொறுப்பதிகாரி ஓஐசிய நேர்ல பார்த்த பிறகுதான் எடுத்தாங்க. ரசீதுல "துவக்கு 1"னு மட்டும் எழுதி நீட்டுனாங்க. நாங்க விடல, துவக்கு நம்பர், எத்தன தோட்டா, திகதி, வாங்குனவரு பேரு, சீல் எல்லாம் போட்டாத்தான் போவோம்னு அப்படியே நின்னோம், கடைசியில புதுசா ஒண்ணு எழுதித் தந்தாங்க. தோட்டாவையும் மறக்காம எழுத வைங்க, துவக்க குடுத்துட்டு தோட்டாவ பக்கத்து வீட்ல வச்சா அதுவும் பிரச்சினைதான். ரசீத போன்ல படம் எடுத்து மகளுக்கும் அனுப்பி வச்சோம்.

அடுத்தது எனக்கு சொந்தமா லைசன் எடுக்குற வேல. பயிர் பாதுகாப்பு துவக்குக்கு மாவட்ட செயலகம், அதாவது நம்ம கச்சேரிதான். ஆனா கீழ ஒரு ஒஃபிஸ்லயே ஒரு கிளாக்கர், "இப்ப துவக்கே குடுக்குறது இல்ல, எல்லாத்தையும் அரசாங்கம் திருப்பி எடுக்குது"ன்னு போர்ம் கூட தராம அனுப்பிட்டாரு. 2024 நவம்பர்ல பாதுகாப்பு அமைச்சு ஒப்படைக்கச் சொன்னது தனிப்பட்ட பாதுகாப்புக்குன்னு குடுத்த துவக்குகள, பிஸ்டல் மாதிரி. பயிருக்கு குடுக்குறது வேற பைல். இத அவருக்கு நான் விளக்கி, அவர் மேல உள்ளவர் கிட்ட கேட்டு, அவர் சிரிச்சுகிட்டே "ஓ அது வேற"ன்னு சொல்ற நேரம் எங்க ஊர் கடைசி பஸ்ஸும் போயிட்டுது. போர்ம் சிங்களத்துல மட்டும்தான் இருக்குன்னாங்க. 1987-ல 13-வது திருத்தத்தோட தமிழும் அரச கரும மொழிதான், தமிழ் போர்ம் கேக்குறது நம்ம உரிமை, சண்ட போடாம ஆனா அழுத்தமா கேட்டேன், உள்ள அலுமாரியில இருந்து எடுத்துட்டு வந்து தந்தாங்க. இருந்துச்சு! கேட்டாத்தான் வரும்.

நம்ம ஆளுங்களுக்கு பெரிய முட்டுக்கட்டை காணி. பயிருக்குன்னு கேக்குறப்போ பயிர் செய்ற காணி உங்களுதுன்னு காட்டணும். அரசாங்கம் குடுத்த ஜயபூமி, சுவர்ணபூமி காணிப் பத்திரம் உள்ளவங்க தப்பிச்சாங்க. தோட்டத்து ஓரத்துல அப்பா காலத்துல இருந்து கொத்திப் பாடுபடுறவங்க கிட்ட என்ன இருக்கு? காணி அரசாங்கத்தோடது, 1992-க்கு பிறகு கம்பனி குத்தகைக்கு வச்சிருக்கு, நாம வேர்வைய மட்டும்தான் வச்சிருக்கோம். கிளாக்கர் உறுதி கேட்டாரு, இல்லன்னதும் பைல மூடிட்டாரு. பிறகு ஜீஎஸ் (கிராம சேவகர்) சொன்ன யோசனைதான், தோட்டத்து தொரை (மனேஜர்) கிட்ட இந்த எடத்துல இந்த ஆள் இவ்வளவு காலமா மரக்கறி செய்றாருன்னு கம்பனி லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம், அதோட கமநல சேவை நிலையத்துல இருந்து பன்னி செஞ்ச சேதம் பார்த்து எழுதின ஒரு அறிக்கை. தொரை லேசுல தரல, துவக்குன்னதும் பயப்படுறாரு. அழிஞ்ச பாத்திய கூட்டிட்டுப் போய்க் காட்டுன பிறகு, காணி உரிமை பத்தி ஒண்ணும் இல்லாம பயிர் செய்றத மட்டும் எழுதித் தந்தாரு. அத வச்சு பைல திறக்க வச்சோம். சேதம் நடந்த அன்னிக்கே படம் எடுத்து வைங்க, மழ பேஞ்சா தடயம் எல்லாம் போயிடும்.

ஜீஎஸ் கடிதம், பொலிஸ் விசாரிப்பு ரெண்டும் சிக்கல் இல்லாம முடிஞ்சுது.

இன்னொண்ணு, இதுலயும் மாட்டப் பார்த்தோம். லைசன் டிசம்பர் 31-ஓட முடியும். அண்ணன் துவக்கு ஸ்டேஷன்ல கிடக்குது, புதுப்பிக்கப் போனா துவக்க காட்டுங்கன்னாங்க. ரசீது காட்டியும் ஏத்துக்கல, ஸ்டேஷன்ல இருந்து ஒரு கடிதம் கேட்டாங்க, அத எடுத்துக் குடுத்து கடைசி வாரத்துல முடிச்சோம். ஒப்படைக்கிற அன்னிக்கே அந்தக் கடிதத்தையும் கேட்டு எடுத்துடுங்க.

லைசன் வார வரைக்கும் சும்மா இருக்க ஏலாதுன்னு சில பேர் கட்டுத்துவக்கு (கம்பி தட்டுனா தானா வெடிக்கிற பொறி), கம்பி சுருக்கு, ஹக்கபட்டாஸ் (தீனிக்குள்ள வைக்கிற வெடி)னு போறாங்க. தயவு செஞ்சு வேணாம். 2020-ல நல்லதண்ணிப் பக்கம் சுருக்குல மாட்டி அந்த கருஞ்சிறுத்தை செத்தது எல்லாருக்கும் தெரியும், கட்டுத்துவக்குக்கு விடியக் கொழுந்தெடுக்க போற பொம்பளைங்க கால் போகும். லைசன் இருந்தாலும் பன்னிக்குத்தான், மரை மான் பயிருக்குள்ள வந்து நின்னாலும் சுட ஏலாது, அது பாதுகாக்கப்பட்ட மிருகம்.

அண்ணன் இப்ப சுகமாகி வந்துட்டாரு, ரசீதக் காட்டி துவக்கையும் எடுத்துட்டாரு. ராத்திரி காவலுக்கு ரெண்டு பேரும்தான் போறோம், நான் டோர்ச் பிடிக்கிறேன், துவக்கு அவர் கையில மட்டும்தான், தேத்தண்ணி குடிக்கிறப்போ கூட என் கையில தர மாட்டாரு. என்னோட பைல் கச்சேரியில இருக்கு, நம்பர் எழுதி வாங்கியிருக்கேன். அப்பா செத்துட்டா துவக்கு மகனுக்கு தானா வந்துடும்னு நெனச்சு வீட்டுல வச்சிருக்குறவங்க இருக்காங்க, அவங்க முதல்ல அத ஸ்டேஷன்ல ஒப்படைச்சு ரசீது எடுத்துட்டு, பிறகு தன் பேர்ல கேட்டு எழுதுங்க.