106 கிலோமீட்டரும் ஒரு மொட்டை மாடியும்

டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்த யாரையும் நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். இந்தியாவுக்கு நீளமான நில எல்லை வங்கதேசத்தோடு, 4,096 கி.மீ. மிகச் சிறியது ஆப்கானிஸ்தானோடு, 106 கி.மீ. நானும் இதை மனப்பாடம் பண்ணி ஒரு மார்க் வாங்கியவன்தான். அந்த 106 கிலோமீட்டரில் போய் நிற்க முடியுமா என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை. 2023 ஆகஸ்ட் கடைசியில், லடாக்கின் தாங் கிராமத்தில் ரோடு முடிந்துபோனபோதுதான் தோன்றியது.

நான் தங்கிய துர்துக், தாங்குக்குச் சற்று முன்னால் இருக்கும் ஊர். லேயிலிருந்து சுமார் 200 கி.மீ. கர்துங் லா கணவாயைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே பலகையில் எழுதியிருக்கும் உயரத்துக்கும் ஜி.பி.எஸ். காட்டும் உயரத்துக்கும் சில நூறு அடி உதைக்கிறது. எனக்கிருந்த தலைவலிக்கு இரண்டும் ஒன்றுதான். ஹுண்டரின் மணல்மேட்டில் இரட்டைத் திமில் ஒட்டகங்களைப் பார்த்துவிட்டு முக்கால்வாசிப் பேர் திரும்பிவிடுகிறார்கள். அதற்கப்புறம் ரோட்டில் ஷியோக் ஆறுதான் துணை. சாம்பலைக் கரைத்துவிட்ட மாதிரி தண்ணீர். ஒவ்வொரு செக்போஸ்டிலும் பெர்மிட்டின் ஜெராக்ஸ் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். நான் எடுத்துப்போனது மூன்று. நாலாவது செக்போஸ்டில் டிரைவர் தன் டேஷ்போர்டைக் குடைந்து, பின்னால் வந்த வண்டிக்காரரிடம் கெஞ்சி, எப்படியோ சமாளித்தார். ஆறேழு காப்பி கையில் இருக்கட்டும்.

வழியில் போக்தாங் என்றொரு ஊர். 1971 வரைக்கும் இந்தியாவின் கையிலிருந்த கடைசி ஊர் அதுதான். அதற்கு அடுத்து வரும் சலுங்கா, துர்துக், தியாக்‌ஷி, தாங் நான்கும் 1971 டிசம்பர் போர் வரை பாகிஸ்தான் வசம் இருந்தவை. நூப்ராக்காரரான மேஜர் செவாங் ரிஞ்சென் தலைமையில் வந்த படை அவற்றைப் பிடித்தது. 1972 சிம்லா ஒப்பந்தத்தில் கட்டுப்பாட்டுக் கோடு என்று ஒன்றை வரைந்தபோது நான்கு ஊரும் இந்தப் பக்கம் நின்றுவிட்டன. வெளியூர்க்காரர்களைத் துர்துக்குக்குள் விட ஆரம்பித்ததே 2010இல்தான்.

ஊர் என்னவோ பச்சைப்பசேலென்று இருக்கிறது. லேயைவிடத் தாழ்வான இடம் என்பதால் ஒரே வருஷத்தில் பார்லி அறுத்துவிட்டுப் பக்வீட்டும் விதைக்கிறார்கள். நான் போனபோது அது இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடந்தது. வாய்க்கால் தண்ணீர் வீட்டு வாசல்களை ஒட்டி ஓடுகிறது. மக்கள் பால்டி இனத்தவர், முஸ்லிம்கள். ஆனால் பேசும் மொழி திபெத்திய மொழிக்கு உறவு.

நான் தங்கிய வீட்டுப் பெரியவருக்கு எழுபதுக்கு மேல். எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி நானும் சாச்சா என்றே கூப்பிட்டேன். திண்ணையில் உட்கார்ந்து, குழிவிழுந்த கல் ஒன்றில் பாதாமிப் பழத்தின் (ஆப்ரிகாட்) கொட்டைகளை நிற்க வைத்து, சின்னக் கல்லால் ஒரே தட்டு. ஓடு இரண்டாகப் பிளக்கும், பருப்பு முழுசாக வரும். நான் தட்டியதில் பருப்பு கூழாகிவிட்டது. பருப்பை ஒரு கிண்ணத்திலும் ஓட்டை அடுப்புக்கென்று ஒரு தகரத்திலும் போட்டுக்கொண்டே பேசினார். என் ஹிந்தி தடுக்கிய இடங்களில் பேரன் கைகொடுத்தான். சாச்சாவின் அக்காவை ஆற்றோடு கீழே இருக்கிற ஃபர்னு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். 1971க்கு முன்னால் நடந்த கல்யாணம். காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாமாம்.

"இப்போ?" என்றேன்.

"இப்போ டெல்லி போய் விசா கேக்கணும். கிடைச்சா வாகா, லாகூர், ஸ்கர்து, அங்கேருந்து திரும்ப மேலே ஏறி வரணும்," என்றான் பேரன். சாச்சா கல்லைத் தட்டுவதை நிறுத்தவில்லை.

மறுநாள் காலை பேரனோடு தாங் போனேன். ஜவான் கைகாட்டிய இடத்தில் இறங்கிக்கொண்டோம். இரண்டு பக்க முகட்டிலும் யாருடைய காவல் சாவடி எது என்று பேரன் விரல் நீட்டி நீட்டிச் சொன்னான். எனக்கு எல்லாமே பாறையாகத்தான் தெரிந்தது. நான் பள்ளிக்கூடத்தில் வரைந்த இந்திய வரைபடத்தில் இந்த இடம் எல்லையே இல்லை. அதில் கோடு இங்கிருந்து, இப்போது பாகிஸ்தான் வசம் இருக்கும் ஸ்கர்து, கில்கித் எல்லாம் தாண்டி எங்கேயோ வடமேற்கில் ஓடுகிறது. அந்த 106 கிலோமீட்டரும் அங்கேதான். தரையில் கோடு என் ஷூவுக்குக் கொஞ்சம் முன்னால். அதுவும் முழுசாகப் போகவில்லை. 1949 கராச்சி ஒப்பந்தத்தில் போர்நிறுத்தக் கோட்டை என்.ஜே.9842 என்ற புள்ளி வரை வரைந்துவிட்டு, அதற்கு மேல் 'அங்கிருந்து வடக்கே பனியாறுகள் வரை' என்று எழுதி முடித்துவிட்டார்கள். அந்த உயரத்துக்கு யார் வரப்போகிறார்கள் என்ற நினைப்புதான். 1984 ஏப்ரலில் இந்திய ராணுவம் சியாச்சினில் ஏறியது அந்த எழுதாத மிச்சத்துக்காக. பரீட்சைத் தாளில் பாதியில் விட்ட பதில் மாதிரி இருக்கிறது எனக்கு.

ஷியோக் மட்டும் பெர்மிட் எதுவும் காட்டாமல் வளைவில் திரும்பி, சிந்துவைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. அந்த வளைவுக்கு அப்பால் மணி நமக்கு அரை மணி நேரம் பின்னால்.

ஒரு பையன் பைனாகுலர் வாடகைக்கு வைத்திருந்தான். வாங்கிப் பார்த்தேன். பாப்லர் மரங்கள், மண் வீடுகள், ஒரு மொட்டை மாடி. மாடியில் ஏதோ பரப்பியிருந்தார்கள். ஒரு பெண் குனிந்து அதைக் கையால் கிளறிவிட்டாள்.

சாயங்காலம் திரும்பியதும் சாச்சா முதலில் கேட்டது, என்ன பார்த்தாய் என்று. மாடியில் பாதாமி காயப்போட்டிருந்தார்கள் என்றேன்.

"மஞ்சளா இருந்துச்சா, கறுத்துடுச்சா?" என்றார். "அவங்க ஊர் தாழ்வு. நமக்கு முந்தியே காஞ்சிருக்கணும்."

நான் நிறத்தைக் கவனிக்கவில்லை.