குளிசைக்கு அடங்காத சீனி: லாடா என்று கண்டுபிடிக்கப் பட்ட பாடு

எனக்கு வந்திருக்கும் நீரிழிவு வழக்கமான ரைப் 2 இல்லை, லாடா என்று இப்போதுதான் எழுத்தில் கிடைத்திருக்கிறது. லாடா என்றால், இன்சுலின் சுரக்கிற கலங்களை உடம்பே மெல்ல மெல்ல அழிப்பதால் வளர்ந்த பிறகு வருகிற சீனி வருத்தம். அதுவரை பட்ட கரைச்சலை எழுதாமல் விட்டால் நெஞ்சு ஆறாது.

நாற்பது தாண்டிச் சீனி வந்தால் கொழும்பில் கேள்வியே இல்லாமல் மெற்போமின் குளிசை எழுதுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு ரைப் 2 தானே, அதில் பிழை சொல்ல ஏலாது. ஆனால் நான் ஒல்லி. குடும்பத்தில் ஒருத்தருக்கும் சீனி இல்லை. குளிசை தொடங்கிய பிறகும் உடம்பு வற்றிக்கொண்டே போனது. மெற்போமினோடு, கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கிற கிளிக்ளசைட் குளிசையும் சேர்த்தார்கள், பிறகு அதையும் கூட்டினார்கள். மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டுகிற எச்பிஏ1சி 10ஐ விட்டு இறங்கவே இல்லை. வெள்ளவத்தையில் காசு கட்டிச் சனல் பண்ணிப் பார்த்த டொக்டர் ஒருவர் ரிப்போட்டைத் திறக்க முதலே, "களவா இனிப்புத் தின்னுறீங்கள் போல" என்றார். இடியப்பத்தை எண்ணி எண்ணித் தின்றுகொண்டிருந்த காலம் அது.

இதற்குள் சித்தப்பா, சீனிக்கு நல்லதென்று கொத்தலஹிம்புட்டு என்கிற மூலிகை மரத்தில் கடைந்த கோப்பை ஒன்று கொண்டுவந்தார். இரவு தண்ணி ஊற்றி வைத்துக் காலையில் குடிக்க வேண்டுமாம். நல்ல மனுசன், அவருக்காகக் குடித்தேன். இன்சுலின் சுரக்கிற கலங்களை உடம்பே தாக்கி அழித்துக்கொண்டிருக்கும்போது பாவம், கோப்பை என்ன செய்யும்?

கடைசியில் ஒரு அகஞ்சுரப்பி நிபுணர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காட் அன்ரிபொடி (உடம்பு தன் கலங்களையே தாக்குகிறதா என்று காட்டுவது), சி-பெப்ரைட் (கணையம் இன்னும் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டுவது), அதோடு அதே நேரத்துச் சீனி என்று மூன்று டெஸ்ற் எழுதித் தந்தார். அங்கேதான் அடுத்த கூத்து. பரிசோதனை நிலையத்தில் கவுண்டரில் இருந்த பிள்ளை பழைய ரிப்போட்டைப் புரட்டிப் பார்த்து, "சீனி போன மாசம் எடுத்தனீங்கள்தானே அன்ரி, ஏன் சும்மா காசு?" என்று அந்த வரியைப் பேனையால் வெட்டிவிட்டது. டொக்டர் மூன்றையும்தான் எழுதினவர் என்று சொல்லிப் பார்த்தேன். "இது வேற பில் அன்ரி" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டாயிற்று.

பிறகு நிபுணரிடம் போனால் அவர் தலையில் கை வைத்தார். இரத்தத்தில் சீனி குறைந்திருந்தால் நல்ல கணையம்கூடச் சி-பெப்ரைட்டைக் குறைத்துத்தான் விடும். அந்த நேரத்துச் சீனி தெரியாமல் சி-பெப்ரைட்டை வாசிக்க ஏலாது. திரும்பவும் வெறும் வயிறு, திரும்பவும் காசு. ஆகவே ஊசி ஏற முதல் வாய் விட்டுக் கேளுங்கோ: "சீனியும் இதே குத்திலதானே?"

இன்னொன்று, சி-பெப்ரைட் ரிப்போட்டில் அலகைப் பாருங்கோ. நிபுணர்கள் பேசும் எல்லைகள் லீற்றருக்கு நனோமோலில்: 0.3க்குக் கீழே என்றால் ரைப் 1 போலவே இன்சுலின், 0.3க்கும் 0.7க்கும் இடையில் என்றால் இடைக்கிடை திரும்பப் பார்க்க வேண்டும். பல ரிப்போட்டுகள் மில்லிலீற்றருக்கு நனோகிராமில் வரும். அதில் எண் ஏறத்தாழ மூன்று மடங்காகத் தெரியும். எனக்குக் காட் பொசிற்றிவ், சி-பெப்ரைட் இடைநடுவில். கிளிக்ளசைட் அன்றே நின்றது, இன்சுலின் தொடங்கியது.

இன்சுலின் இலவசமாகக் கிடைக்கும் என்று ஒரு அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு விடியப்பறம் போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் கிளார்க் கடிதத்தின் தலைப்பை மட்டும் பார்த்தார். "இது பிறைவேட் கடிதம். ஓபிடியில காட்டி எங்கட துண்டு எடுத்து வாங்கோ." ஓபிடி என்கிற வெளிநோயாளர் பிரிவில் வரிசை முடிந்து துண்டோடு ஓடிவந்தால், அன்றைய நம்பர் முடிந்ததாம். தனியார் கடிதத்தோடு போகிறவர்கள் முதலில் ஓபிடிக்கே போங்கோ.

எல்லாவற்றையும்விடப் பயந்தது ஊசிக் குழாய் விசயத்தில். சென்னைக்குப் போய்வந்த மச்சாள் மலிவாக இருந்ததென்று ஒரு பெட்டி சிரிஞ்ச் வாங்கித் தந்தாள். கிளினிக்கில் அதை எடுத்துக் காட்ட, நேர்ஸ் மிஸ் என் கையிலிருந்து பறித்தே விட்டார். மூடி சிவப்பு. இந்தியாவில் மில்லிலீற்றருக்கு 40 யூனிற் உள்ள இன்சுலினும் விற்கிறது, அதற்கான சிரிஞ்ச் அது. எனக்குத் தந்த குப்பியில் 100 என்று போட்டிருக்கிறது. சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிற். தூக்கத்திலேயே சீனி இறங்கிப் போயிருப்பேன். 100க்கானது செம்மஞ்சள் மூடி. மூடியை மட்டும் நம்பாமல் குப்பியிலும் சிரிஞ்சிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கோ.

அதே மிஸ்தான் கிளினிக் கொப்பியின் முன்மட்டையில் சிவப்புப் பேனையால் "லாடா, காட் பொசிற்றிவ்" என்று பெரிதாக எழுதித் தந்தவர். அதற்கு அடுத்த கிளினிக்கில் புதிதாக வந்த சின்ன டொக்டர் ஒருவர் பழக்கதோசத்தில் கிளிக்ளசைட் எழுதப் போனார். நான் ஒன்றும் பேசவில்லை, கொப்பியை மூடி மட்டையைக் காட்டினேன். "சொறி அன்ரி" என்று வெட்டினார். வெட்டின கையோடு, இந்த வருத்தக்காரருக்குத் தைரொயிட்டும் பழுதாகலாம் என்று அதற்கும் ஒரு டெஸ்ற் எழுதினார். நாளைக்கு அதற்குத்தான் போகிறேன். துண்டில் இருக்கிற ஒரு வரியையும் இந்த முறை வெட்ட விடமாட்டேன்.