வாயால் புகைவிடும் லுதுவான்: மண்ணில் செய்து பார்த்தது

பெய்ஜிங் அரண்மனையில் தைஹெ மண்டபத்தின் சிம்மாசனப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறீர்களா? பேரரசரின் இருக்கைக்கு இரு பக்கமும் ஜோடி ஜோடியாகச் சில உருவங்கள் நிற்கும். முதுகில் ஜாடி சுமக்கும் யானை, நெடுங்கழுத்து நாரை, தூண் மாதிரி உயர்ந்த வாசனை மாடம், அவற்றோடு ஒற்றைக் கொம்புள்ள ஒரு குட்டை மிருகம். அந்த மிருகம்தான் லுதுவான். சிங்கத்தின் உடற்கட்டு, அண்ணாந்த தலை, பிளந்த வாய். கழுத்தோடு தலை திறக்கும். வயிற்றுக்குள் வாசனைக் கட்டையைப் புகையவிட்டுத் தலையை மூடினால், புகை வாய் வழியாக வரும். இதை மண்ணில் செய்து பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. மூன்று மாதம் ஆனது. ஒன்று சரியாக வரவில்லை, இன்னொன்று வந்தது. இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாயை எப்படி வடிக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னது கதைதான். லுதுவான் ஒரே நாளில் பதினெட்டாயிரம் லி (ஒரு லி ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர்) தூரம் போகுமாம், நாலு திசை மக்களின் பேச்சும் அதற்குப் புரியுமாம். நல்ல அரசன் ஆளும் இடத்தில்தான் தென்படும் என்பது நம்பிக்கை. யுவான் வம்ச வரலாற்று நூலில் யெலூ சூத்சாய் என்ற அமைச்சரைப் பற்றிய பகுதியில் ஒரு செய்தி வருகிறது. செங்கிஸ் கானின் படை மேற்கே போயிருந்தபோது, மான் உடலும் குதிரை வாலும் ஒற்றைக் கொம்பும் கொண்ட பச்சை நிற மிருகம் ஒன்று காவலர்கள் முன் வந்து, ‘உங்கள் தலைவர் சீக்கிரம் திரும்பிப் போவது நல்லது’ என்று மனிதக் குரலில் பேசியதாம். இது எல்லா மொழியும் பேசும் மிருகம், உயிர்களை நேசிப்பது, கொலையை வெறுப்பது என்று சூத்சாய் விளக்க, கான் படையைத் திருப்பினாராம். பேசுவதற்குப் பேர்போன மிருகத்தின் வாயிலிருந்து புகை வரும்படி அமைத்தவர்களின் கற்பனையை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

அரண்மனையில் இருப்பவற்றில் பல, சியான்லாங் பேரரசர் காலத்து எனாமல் வேலை. உலோக உடல்மேல் மெல்லிய கம்பியை ஒட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்து, வண்ணக் கண்ணாடிப் பொடியை நிரப்பிச் சுட்டுத் தேய்ப்பார்கள். அந்த வேலை எனக்கு எட்டாது. அமைப்பு மட்டும் போதும் என்று சாதாரணக் களிமண்ணில் இறங்கினேன்.

முதல் உருவத்துக்கு இரண்டரைக் கிலோ மண். திரி திரியாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உடலை ஏற்றினேன். உள்ளே நாளிதழைக் கசக்கி அடைத்ததால் வயிறு சரியவில்லை. சுவர் எட்டு மில்லிமீட்டர் இருக்கும். தலையைத் தனியாக வடித்துத் தனிப் பலகையில் காயவைத்தேன். அது தப்பு. உடல் மெதுவாகக் காய்ந்தது, தலை சீக்கிரம் காய்ந்தது, சுருங்கிய அளவு ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. மூடினால் பிடரிப் பக்கம் நகம் நுழையும் இடைவெளி. நேராக நிமிர்த்தி வைத்த கொம்பு, தூக்கும்போதே முறிந்தது.

சுட்டுக் கொடுத்தவர் எங்கள் பகுதியில் சூளை வைத்திருக்கும் பெரியவர். “என்ன தம்பி, யாளியா?” என்று கேட்டார். சீனத்து மிருகம் ஐயா, வாயால் புகைவிடும் என்றேன். தலையைக் கழற்றி உள்ளே விரலைவிட்டுத் தடவிப் பார்த்தார். “காத்து எங்கேருந்து உள்ள போவுது?” என்றார். அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

பதில் இல்லாததன் பலன் அன்று மாலையே தெரிந்தது. சாம்பிராணிக் கூம்பைப் பற்றவைத்து வயிற்றின் அடியில் நிறுத்தித் தலையை மூடினேன். இரண்டு நிமிடம் பிடரி இடுக்கில் புகை கசிந்தது. வாயில் ஒன்றுமே இல்லை. நான்காவது நிமிடம் கூம்பு அணைந்துவிட்டது. திறந்து பார்த்தால் அடிவயிற்றில் புகை கனமாகத் தேங்கிக் கிடக்கிறது.

அப்புறம் ஒரு வாரம் மண்ணைத் தொடவில்லை. படங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மிருக வடிவத் தூபக்காலில் இரண்டு வழி இருப்பது அப்போதுதான் புரிந்தது. ஒன்று, கீழே கிண்ணம், மேலே மூடியாக மிருகம். நெருப்பு கிண்ணத்தில் இருக்கும். மிருகத்தின் உள்கூடு வெறும் புகைபோக்கி. புகையை விரும்பும் சிங்க வடிவ மிருகமான சுவான்னியை இப்படித்தான் மூடியில் உட்கார வைப்பார்கள். 1123-ல் சீனாவின் சோங் அரசின் தூதுக்குழுவோடு கொரியாவின் கோர்யோ நாட்டுக்குப் போன சூ ஜிங், அங்கே பார்த்த பச்சை மெருகுப் பீங்கான் ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார்: மேலே குந்திய மிருகம், கீழே அதைத் தாங்கும் மலர்ந்த தாமரை, அங்குள்ள பாத்திரங்களிலேயே இதுதான் மிக நேர்த்தி என்று. இரண்டாவது வழி லுதுவானுடையது. மிருகத்தின் வயிறே அடுப்பு, தலையே மூடி. பார்க்க அழகு, ஆனால் புகைக்கு இது கஷ்டமான பாதை.

நான் தவறவிட்டது சாம்பல். சாம்பலை எரிந்து முடிந்த கழிவு என்று நினைத்து, வயிற்றைச் சுத்தமாக வைத்திருந்தேன். சீனத் தூபக்கால்களில் சாம்பலைத்தான் முதலில் நிரப்புவார்கள். அது மெத்தை மாதிரி. வாசனைப் பொருள் உயரத்தில் உட்காரும், காற்று எட்டும், சூடு பாத்திரத்தைத் தாக்காது. அடிவயிற்றில் கிடந்த என் கூம்பு மூச்சு முட்டித்தான் அணைந்திருக்கிறது.

இரண்டாவது உருவத்தில் மாற்றியவை இவை. தலையை உடலோடு சேர்த்து ஒரே உருவமாக வடித்து, மண் பாதி காய்ந்து தோல் மாதிரி இறுகிய பதத்துக்கு வந்ததும் கம்பியால் கழுத்தை வெட்டினேன். வெட்டிய இடத்தில் உடலின் விளிம்பை ஒரு விரல் அளவு மேலே இழுத்துக் கழுத்துப்பட்டை மாதிரி எழுப்பினேன். தலை அதன்மேல் தொப்பி போலக் கவிழும். புகை அந்தப் பட்டைக்குள்ளேயே ஏறித் தலைக்குள் போய்விடும், இடுக்கை எட்டாது. காயும்போதும் தலையைக் கழற்றவில்லை, இரண்டுக்கும் நடுவே காகிதம் வைத்து அப்படியே பதினைந்து நாள் நிழலில் விட்டேன். வாலுக்கு அடியில், வெளியே தெரியாத இடத்தில், பென்சில் பருமனில் இரண்டு காற்றுத் துளை. கொம்பைப் பிடரியோடு சாய்த்து ஒட்டினேன்.

வாயில்தான் அதிக நேரம் போனது. தொண்டையை அகலமாக விட்டால் புகை சோம்பலாக முகமெல்லாம் படரும். சுண்டுவிரல் நுழையும் அளவுக்குக் குறுக்கி, மேல்நோக்கிச் சாய்த்து, நாக்கை ஒரு சறுக்குப் பலகை மாதிரி வளைத்துவிட்டேன். இங்கேதான் அந்த அண்ணாந்த தலையின் காரணம் எனக்கு விளங்கியது. அது கம்பீரத்துக்காக மட்டும் வைத்த நிலை இல்லை. வாய்தான் கூட்டின் மிக உயர்ந்த திறப்பு, சூடான புகை தானாகவே அங்கே போய்ச் சேருகிறது. தலை குனிந்திருந்தால் நெற்றிக்குள் புகை தேங்கிவிடும். முதல் உருவத்தில் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்திருந்தேன், ‘பணிவாக’ இருக்கட்டும் என்று.

ஈரத்தில் 25 சென்டிமீட்டர் இருந்தது, சுட்டபின் 23. பெரியவர் இந்த முறை வாலுக்கடியில் இருந்த துளையைப் பார்த்துத் தலையாட்டினார்.

வயிற்றில் முக்கால் பங்கு சலித்த சாம்பல் நிரப்பி, கரி வில்லையைப் பாதி புதைத்து, மேலே ஒரு சிட்டிகை அகில் பொடி. தலையை மூடினேன். அரை நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு கீழ்ப் பல்வரிசைக்கு மேலே ஒரு சாம்பல் நிறக் கோடு. நாக்கின் வளைவில் ஏறி, மேலுதட்டைத் தொடாமல், நூல் மாதிரி நேராக எழுந்தது. ஒரு சாண் உயரத்துக்குப் பிறகுதான் சுருள ஆரம்பித்தது. நான் மூச்சுவிட்டால் அது வளைந்தது, அதனால் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். அகில் தீர்ந்து மறுபடி போட, மறுபடி எழுந்தது. ஐந்து முறைக்குப் பிறகு மேற்பற்களின் உள்பக்கம் பழுப்புப் பிசின் படிந்திருந்தது. துடைக்கவில்லை. வாய் இப்போதுதான் வாய் மாதிரி இருக்கிறது.

வாசனை மட்டும் போதும், புகை வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. தணலைச் சாம்பலுக்குள் முழுதும் மூடி, மேலே மைக்காத் தகடு வைத்து, அதன்மேல் அகில் சில்லு வைப்பது. காக்காப்பொன் என்பார்களே, அதுதான் மைக்கா. சோங் காலத்து ரசிகர்களின் முறை இது. கட்டை எரியாது, வெதுவெதுப்பில் மணம் மட்டும் அவிழும். செய்து பார்த்தேன், மணம் இன்னும் தெளிவு. ஆனால் லுதுவானுக்குப் புகை வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அகிலும் சந்தனமும் சீனாவுக்குக் கணிசமாகக் கடல் வழியேதான் போயின. தென்கிழக்குச் சீனாவின் சுவான்ஜோ துறைமுகத்தருகே 1974-ல் தோண்டியெடுத்த சோங் காலக் கப்பலில் பெரும்பங்கு சரக்கு வாசனைக் கட்டைகள். அதே ஊரில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் கிடைத்திருக்கிறது, சிவன் கோயில் ஒன்றைப் பற்றியது. பொடியைச் சிட்டிகையில் எடுக்கும்போதெல்லாம் அந்தத் துறைமுகம் நினைவுக்கு வருகிறது.

லுதுவான் ஜோடியாக நிற்பது, எனவே இன்னொன்று செய்தாக வேண்டும். காகிதத்தில் வெட்டிய பக்கவாட்டு அச்சைத் திருப்பிப் போட்டு, முகம் முதலாவதைப் பார்க்கும்படி வரைந்துவிட்டேன். காற்றுத் துளையை இந்த முறை கொஞ்சம் சிறிதாக்கப் போகிறேன். இப்போதைய அளவில் கரி சீக்கிரம் எரிந்துவிடுகிறது. மண் நேற்றுதான் ஊறப்போட்டேன்.