ஒரு சாவுக்கு மூன்று கோப்புகள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், போதைப்பொருளால் இறந்தவர்களின் கோப்புகளைப் படித்துத் தகவல்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. ஒவ்வொரு சாவுக்கும் மூன்று கோப்புகள்: இறப்புச் சான்றிதழ், பிரேதப் பரிசோதனை அறிக்கை, ரத்தப் பரிசோதனை முடிவு. இவற்றைச் சேர்த்துப் படிக்கும் ஏற்பாட்டை அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசி 2016-இல் தொடங்கியது.

சான்றிதழ் மட்டும் போதாது. அதற்குப் போடும் டி40.4 என்ற குறியீட்டுக்குள் மிகக் கடுமையான ஃபென்டனிலும் அதைவிட மிக லேசான வலிநிவாரணியான டிரமடாலும் ஒன்றாக அடங்கிவிடும். ஹெராயின் உடம்புக்குள் போன சில நிமிடங்களிலேயே மாற ஆரம்பித்து மார்ஃபினாகிவிடும். சான்றிதழில் 'மார்ஃபின்' என்று இருந்தால் அது ஆஸ்பத்திரி மருந்தா, தெருவில் வாங்கியதா? ஹெராயின் மாறும்போது உண்டாகும் 6-எம்ஏஎம் என்ற பொருள் சிறுநீரில் இருந்தால் ஹெராயின்தான் என்று சொல்லிவிடலாம்.

நான் முதலில் தேடுவது, வீட்டில் வேறு யாராவது இருந்தார்களா என்பதை. பல நேரம் இருந்திருப்பார்கள். "குறட்டை விடுகிறான், தூங்கட்டும்" என்று விட்டிருப்பார்கள். தொண்டையில் களகளவென்று வரும் அந்தச் சத்தம் மூச்சு அடைபடுவதன் அறிகுறி. அதைப் படிக்கும்போது எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டுத்தான் வருவேன். இங்கே கேப் காட் என்ற கடலோரப் பகுதிப் பக்கம் மூன்று கவுண்டிகளில் (மாவட்டங்களில்) 2014-15-இல் ஃபென்டனிலால் இறந்தவர்களை ஆராய்ந்தபோது, பக்கத்திலிருந்தவர், நின்றுபோகும் மூச்சை மீட்கும் நலாக்சோன் மருந்தைக் கொடுத்ததற்கான தடயம் 6 சதவீதத்தினரிடம்தான் இருந்தது. 2023 முதல் அமெரிக்காவில் அந்த மருந்தின் மூக்கு ஸ்ப்ரே மருந்துச்சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கிறது. ஒன்று வாங்கி வீட்டில் வையுங்கள்.

இறப்பதற்கு முந்தைய மாதங்களைப் பார்க்க வேறு ஆவணங்களும் வேண்டும். சிறை, ஆஸ்பத்திரி, சிகிச்சை மையம் என்று தனித்தனியாகக் கிடந்த பதிவுகளை இணைக்க இங்கே 2015-இல் சட்டமே போட வேண்டியிருந்தது. 2017 அறிக்கையில் வந்த எண்ணைப் பாருங்கள்: சிறையிலிருந்து அண்மையில் வெளியே வந்தவர் ஓபியாய்டால் (ஹெராயின், ஃபென்டனில் வகைப் பொருட்களால்) சாகும் விகிதம் மற்ற பெரியவர்களைவிட 120 மடங்கு. உள்ளே இருக்கும்போது உடம்பின் தாங்குசக்தி போய்விடுகிறது. வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். அப்புறம் 2019-இல் சில கவுண்டி சிறைகள் உள்ளேயே இந்தப் பழக்கத்துக்கான சிகிச்சை மருந்துகளான மெதடோனும் புப்ரெனார்ஃபினும் கொடுக்கத் தொடங்கின.

அதே இணைப்புப் பதிவுகளை வைத்து, 2012-14-இல் ஓவர்டோஸிலிருந்து பிழைத்த 17,568 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2018-இல் வந்தது. மெதடோன் எடுத்தவர்களிடம் ஓபியாய்டு மரணம் 59 சதவீதமும், புப்ரெனார்ஃபின் எடுத்தவர்களிடம் 38 சதவீதமும் குறைவு. ஆனால் அடுத்த ஓராண்டுக்குள் ஏதாவது ஒரு மருந்து கிடைத்தது பத்தில் மூன்று பேருக்குத்தான். மற்ற ஏழு பேரும் ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் என்று யாரோ ஒருவர் கண்ணில் பட்டவர்கள்தான்.