ஐஸ் பெட்டியோடு தியேட்டர் வாசலில்

போன வாரம் என் பிஎச்.டி. வைவா (நேர்முகத் தேர்வு) முடிந்தது. ஆறு வருஷம். புதிதாகச் சேரும் ஜூனியர்கள் எந்த ஜீன், எந்த சாஃப்ட்வேர் என்றுதான் கேட்கிறார்கள். என்னை அலைக்கழித்தது அதெல்லாம் இல்லை. ஒரு ஒப்புதல் படிவமும் ஒரு ஐஸ் பெட்டியும்தான்.

பெருங்குடல் புற்றுநோயில் பி.கே.எம். ஜீனின் ஸ்ப்ளைசிங் எப்படி மாறுகிறது என்பது என் தலைப்பு. பி.கே.எம். என்பது செல் சர்க்கரையைச் சிதைக்க உதவும் ஒரு என்சைமுக்கான ஜீன். அதிலிருந்து வரும் ஆர்.என்.ஏ.வில் எக்ஸான் என்ற துண்டுகளைத் தேர்ந்து ஒட்டுவதுதான் ஸ்ப்ளைசிங். 9ஆம் எக்ஸான் சேர்ந்தால் பி.கே.எம்.1, அதற்குப் பதில் 10ஆம் எக்ஸான் சேர்ந்தால் பி.கே.எம்.2. புற்றுச் செல்களில் இரண்டாவதுதான் ஓங்கியிருக்கும்.

நோயாளிகளின் திசுவுக்கு எதிக்ஸ் கமிட்டி அனுமதி வேண்டும். எங்களுக்கு அது மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். என்னென்ன காகிதம் வேண்டும் என்று முன்கூட்டியே போய்க் கேட்டேன். "எல்லாம் சரியா இருக்கும்மா, வச்சிட்டுப் போங்க" என்றார் அங்கிருந்த கிளார்க். கூட்டம் முடிந்து ஃபைல் திரும்பி வந்தது. தமிழ் ஒப்புதல் படிவத்தில் வெர்ஷன் நம்பர் இல்லையாம், அதைத் திரும்ப ஆங்கிலத்தில் பெயர்த்த பிரதியும் இல்லையாம். மூன்று மாதம் போச்சு. இந்த இரண்டையும் இன்றைக்கே தயார் செய்துவிடுங்கள்.

படிவத்தின் மொழியையும் பாருங்கள். 'மரபணு வெளிப்பாட்டு ஆய்வு' என்று நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ஒரு அம்மா, "இதுக்காக எனக்குத் தனியா ஊசி போடுவீங்களா கண்ணு?" என்று கேட்டார். அன்று இரவே உட்கார்ந்து, 'ஆபரேஷனில் எடுக்கும் கட்டியிலிருந்து சிறு துண்டு மட்டும். உங்களுக்கு வேறு ஊசியோ சிகிச்சையோ கிடையாது' என்று மாற்றி எழுதி, மறுபடி கமிட்டிக்கு அனுப்பினேன். அந்தத் தாமதத்துக்கு மட்டும் எனக்கு வருத்தமே இல்லை.

அப்புறம் சாம்பிள். ஆர்.என்.ஏ. எவ்வளவு சிதையாமல் இருக்கிறது என்று சொல்வது ரின் மதிப்பு. முதல் 11 சாம்பிளிலும் அது 3-ஐத் தாண்டவில்லை. பத்துக்குக் குறைந்தது ஏழு இருந்தால்தான், எழுத்து வரிசையைப் படிக்கும் சீக்வென்சிங்குக்கு நிம்மதியாக அனுப்பலாம். என் கையில்தான் கோளாறு என்று நினைத்து கையுறை, பிப்பெட், தண்ணீர் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். விஷயம் வேறு. வெட்டியெடுத்த குடல் ஒரு தட்டில் மதியம்வரை அறை வெப்பத்திலேயே கிடந்திருக்கிறது. அதற்குள் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும். அதற்குப் பிறகு காலை ஏழரைக்கே ஐஸ் பெட்டியோடு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்க ஆரம்பித்தேன். "பாப்பா, இன்னும் பத்து நிமிஷம்" என்று கதவைத் திறந்து சொல்லிவிட்டுப் போவார் சிஸ்டர். அவர் இல்லையென்றால் என் தீசிஸ் இல்லை. ஒன்று முக்கியம்: நீங்களாகத் துண்டு வெட்டாதீர்கள். பேத்தாலஜி டாக்டர் பார்த்து வெட்டித் தர வேண்டும். நோயாளியின் ரிப்போர்ட் அந்தத் திசுவை நம்பித்தான் இருக்கிறது.

ஆர்.என்.ஏ.விலிருந்து பி.கே.எம். பகுதியைப் பல பிரதிகளாக்கும் பி.சி.ஆர். தொல்லை தரவில்லை. இரண்டு எக்ஸானுமே 167 எழுத்து நீளம் என்பதால் நீளப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒரே பேண்டாகத்தான் (கோடாகத்தான்) தெரியும். டி.என்.ஏ.வை வெட்டும் பி.எஸ்.டி.-1 என்சைம் போட்டால் பி.கே.எம்.2 மட்டும் வெட்டுப்படும். ஆனால் கட்டியில் வெட்டுப்பட்டது போலவே பக்கத்து நல்ல திசுவிலும் முக்கால்வாசி வெட்டுப்பட்டது. புற்றில்தான் பி.கே.எம்.2 அதிகம் என்று நான் எழுதி வைத்திருந்த கதையே கவிழ்ந்துவிட்டது. கைடு ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள், பி.கே.எம்.1 அதிகமுள்ள தசையின் ஆர்.என்.ஏ.வை வைத்து ஓட்டினேன். ஜெல்லில் அது ஓடிய லேனில் (வரிசையில்) வெட்டுப்படாத பேண்ட் பளிச்சென்று நின்றது. ஆக, சோதனை சரி. நல்ல குடலிலும் பி.கே.எம்.2தான் அதிகம். தேடிப் பார்த்தால் நல்ல திசுக்களில் இதையே பார்த்தவர்கள் முன்பே எழுதியிருக்கிறார்கள். அதை நான் முதல் வருஷமே படித்திருக்க வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தை முழுக்க மாற்றி எழுதினேன்.

வைவாவில் வெளித் தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி: "உங்க பிரைமர் பி.கே.எம்.1-ஐப் பிடிக்கும்னு எப்படிச் சொல்றீங்க?" பிரைமர் என்பது பி.சி.ஆரில் பெருக்க வேண்டிய பகுதியைப் பிடிக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு. தசை லேன் இருந்த ஸ்லைடைப் போட்டேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சரி, அடுத்தது" என்றார்.