ஊதுபத்திப் புகை வெளியே வந்த நாள்

2023 செப்டம்பரில் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா வைரஸ் காய்ச்சல் மறுபடியும் வந்தது. 6 பேருக்குத் தொற்று, அதில் 2 பேர் இறந்தார்கள். கோவைக்கு மேற்கே, கேரள எல்லையை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனையில் தொற்றுத் தடுப்புச் செவிலியராக இருக்கிறேன். வாளையாறு தாண்டி எங்களிடம் வருகிறவர்கள் தினமும் உண்டு. தனிமை அறை தயாரா, கவச உடை இருக்கிறதா, பயிற்சி முடிந்ததா என்று வந்த படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'ஆம்' எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். அந்தக் கையெழுத்து இன்றும் உறுத்துகிறது.

கண்காணிப்பாளரும் நானும் மட்டும் அறிய ஓர் ஒத்திகை வைத்தோம். வார்டு உதவியாளர் ஒருவர் நோயாளியாக வந்தார். மூன்று நாள் காய்ச்சல், தலைவலி, பேச்சில் குழப்பம். கோழிக்கோட்டில் மருத்துவமனையில் இருந்த உறவினரைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர். பதிவு மேசையில் பெயர், வயது, கைபேசி எண், காப்பீடு எல்லாம் கேட்டார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். கணினித் திரையில் அதற்குக் கட்டமே இல்லை. 35 நிமிடம் அவர் பொது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கையில் கைக்குழந்தையோடு ஒரு தாய்.

அந்த 35 நிமிடத்தை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. 2001-இல் சிலிகுரியிலும், 2018-இல் கோழிக்கோட்டிலும் நிபா பெரும்பாலும் பரவியது மருத்துவமனைக்குள்தான். பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி, நோயாளியைப் பார்த்துக்கொண்டதால்தான் 2018 மே 21 அன்று இறந்தார். அவரும் என்னைப் போல ஒரு செவிலியர்.

அடுத்தது சாவி. தனிமை அறைச் சாவி பொறுப்பாளரின் கைப்பையில் இருந்தது. அவர் அன்று விடுப்பு. பூட்டை உடைத்துத் திறந்தோம். பிறகு கதவின் அடியில் ஊதுபத்தி கொளுத்திப் பிடித்தேன். தனிமை அறைக் காற்று வெளியே வரக் கூடாது; அதற்காக உள்ளே காற்றழுத்தம் குறைவாக இருந்தால் புகை உள்ளே இழுபட வேண்டும். எங்கள் புகை நடைபாதைக்கு வந்தது. ஏணி போட்டுப் பார்த்தால், எக்ஸாஸ்ட் மின்விசிறியை யாரோ அட்டை வைத்து அடைத்திருந்தார்கள், புறா வராமலிருக்க! லட்சக்கணக்கில் செலவழித்த அறை. உங்கள் மருத்துவமனையில் தனிமை அறை இருந்தால் இன்றைக்கே ஓர் ஊதுபத்தி கொளுத்திப் பாருங்கள்.

கவச உடை அணிவதில் குறை இல்லை, கொரோனா காலத்தில் பழகியதுதான். கழற்றுவதில்தான் ஆபத்து. உடையின் முன்புறமும் கையுறையிலும் குங்குமம் பூசிவிட்டுக் கழற்றச் சொன்னேன். 5 பேரில் 3 பேருக்குக் கழுத்தில் சிவப்பு. அதில் ஒருவர் மூத்த மருத்துவர்; கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இன்னொரு முறை உடை அணியப் போனார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

நோயாளியின் மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்புவதில் ஒரு பயணம் வீண். மூன்று அடுக்குப் பொதியல், குளிர்ப்பெட்டி எல்லாம் சரி. ஆனால் படிவத்தைக் குப்பியைச் சுற்றி மடித்து வைத்திருந்தார்கள். குப்பி கசிந்தால் படிவமும் தொற்றுப்பொருள்தான். படிவத்தைத் தனி பிளாஸ்டிக் உறையில், இரண்டாம் அடுக்குக்கு வெளியே வையுங்கள். ஒத்திகைப் பெட்டியோடு போன ஓட்டுநரை மாவட்டக் கண்காணிப்புப் பிரிவு அலுவலகத்தில், படிவம் பழையது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவரை அனுப்பும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாக இருந்திருக்கும். அந்தப் பிரிவின் எண்ணை இப்போது சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் ஒத்திகை. இந்த முறை வாசலிலேயே காவலர் கேட்டார்: "காய்ச்சலா? கடந்த மூன்று வாரத்தில் எங்கே போயிருந்தீர்கள்?" 6 நிமிடத்தில் முகக்கவசத்தோடு, பக்கவாட்டு வழியாக நோயாளி அறைக்குப் போய்விட்டார். சாவி வார்டிலேயே, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஊதுபத்திப் புகை கதவிடுக்கில் வளைந்து உள்ளே போனபோது கண்காணிப்பாளர் என் தோளைத் தட்டினார். கழுத்தில் குங்குமம் இந்த முறை ஒருவருக்கு மட்டும். கழற்றும் அறையில் ஆளுயரக் கண்ணாடி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது வந்ததும் மூன்றாவது ஒத்திகை.