அம்மாட ஐடென்டிட்டி காட் மாத்தின கதை

2004 சுனாமியில அம்மாட ஐடென்டிட்டி காட்டும் போச்சு, அடுத்த வருசம் எடுத்த லெமினேட் காட்டைத்தான் இவ்வளவு காலமும் வச்சிருந்தவ. உப்புக்காத்தும் பேர்ஸுக்குள்ள வேர்வையும் சேர்ந்து ஓரம் பிரிஞ்சு, படத்தில முகமே இல்ல, பொட்டு மட்டும்தான் தெரியும். 2024 ஜூலையில பேங்குல இத வச்சுக் காசு தரேலாது எண்டுட்டாங்க, அதுக்குப் பிறகுதான் புதுசுக்குப் போட்டம்.

முதல்ல படம். ஆட்பதிவுத் திணைக்களம் அனுமதிச்ச ஸ்டூடியோவில எடுத்தாத்தான் சரி, அவங்களே ஒன்லைன்ல அனுப்பிட்டு ஒரு ரிசீட் தருவாங்க, அத ஃபோமோட குடுக்கோணும். சிரிக்கக் கூடாதெண்டதும் அம்மாக்குச் சிரிப்பு வந்திட்டு, நாலு தரம் எடுத்தாங்க. பிறகு ஜீ.எஸ்ஸிட (கிராம சேவகர்) கையெழுத்து, பிறகு டி.எஸ் ஒபிஸ் (பிரதேச செயலகம்), அங்கயிருந்து பத்தரமுல்லையில இருக்கிற திணைக்களத் தலைமை ஒபிஸுக்குப் போகும். நேர பத்தரமுல்ல போனா ஒருநாள் சேவையில எடுக்கலாம்தான், ஆனா முழங்கால் வருத்தத்தோட அவவ நைட் மெயில்ல ஏத்த எனக்கு மனமில்ல. பழைய காட்டைக் குடுக்க முதல் போட்டோகொப்பி எடுத்து வையுங்க எண்டு ஜீ.எஸ் சொன்னார். நீங்களும் எடுத்து வையுங்க.

காட் வரேல்ல, செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல் வந்திட்டு. பயப்பிடத் தேவையில்ல, முன்கூட்டியே ஜீ.எஸ்ஸுக்கால விண்ணப்பிச்சா தேர்தல் ஒபிஸ்ல தற்காலிக அடையாள அட்டை தருவாங்க. பள்ளிக்கூடத்தில லைன்ல நிண்டம், கிளார்க் நம்பரையும் பேரையும் சத்தமா வாசிக்க வேட்பாளர்மாரிட ஏஜென்ட்மார் லிஸ்டில கோடு போட்டாங்க, அதில ஒருத்தன் எங்கட ஒழுங்கைப் பொடியன், "வாங்க மாமி" எண்டான். இதவிட என்ன பயோமெட்ரிக் வேணும்! இடக்கை சின்னி விரல்ல மை, கையில வேட்பாளர்மாரிட பேரெல்லாம் போட்டு வாழையிலை மாதிரி நீளமா ஒரு வோட் பேப்பர்.

கனடாவில இருக்கிற மச்சான் போன்ல கேட்டான், இன்னும் பேப்பரா, எஸ்தோனியாவில 2005ல இருந்தே இன்டர்நெட்டில போடுறாங்களே எண்டு. ஓம், போடுறாங்க. ஆனா 2017ல அங்க ஏழரை லட்சம் அளவு ஐடி காட்டில இருந்த சிப் பிழையெண்டு கண்டுபிடிச்சாங்க, வெளியில எல்லாருக்கும் தெரியிற சாவிய வச்சு ரகசியச் சாவியக் கணக்குப் போட்டு எடுக்கலாமாம், அந்த வருசக் கடைசியில அந்தக் காட்டுகளிட டிஜிட்டல் சேர்ட்டிபிக்கேட் எல்லாத்தையும் நிப்பாட்டி அப்டேட் பண்ண வேண்டி வந்திச்சு. பேப்பர்ல பிழை நடந்தா பெட்டியத் திறந்து திரும்ப எண்ணலாம், இன்டர்நெட்டில போட்ட வோட்டை ஆர் எண்ணிக் காட்டுறது? இந்திய உதவியோட இலங்கையில வாற டிஜிட்டல் ஐடிக்குப் பத்து விரல் ரேகையும் கண்ணும் எடுப்பாங்களாம். முப்பது வருசம் கருவாடு போட்ட கை அம்மாட கை, என்ட போன் சென்சர்ல பெருவிரல வச்சா ஒவ்வொரு தரமும் "திரும்ப முயற்சிக்கவும்" எண்டுதான் வரும். மெசின் மாட்டனெண்டா ஆளைப் பாத்துச் சொல்ல ஒரு மனுசன் அங்க இருக்கோணும்.

காட் ஒருவழியா வந்திச்சு, நல்ல வடிவான பிளாஸ்டிக், பின்னால பார்கோட். அத இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் ஸ்கேன் பண்ணி நான் பாக்கேல்ல, எல்லா இடத்திலயும் கொப்பிதான் கேக்கிறாங்க. அம்மா முதல்ல பாத்தது நம்பரைத்தான். பழசில ஒன்பது இலக்கமும் கடைசியில வி எழுத்தும் இருக்கும், வி எண்டா வோட் போடலாம் எண்டு அர்த்தம். புதுசில பன்னெண்டு இலக்கம், எழுத்தே இல்ல. "அப்ப எனக்கு இனி வோட் இல்லையா?" எண்டா.

அதே பேங்குக்குப் போனம். நம்பர் மாறியிருக்கு, ஆள் வேற எண்டு கொம்பியூட்டர் சொல்லுதாம். பழைய நம்பருக்கு முன்னால 19 போட்டு, ஐஞ்சாவது இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0 சேர்த்தாப் புதுசு, அவ்வளவுதான் தங்கச்சி எண்டு கவுண்டர்ப் பிள்ளைக்குப் பேப்பர்ல எழுதிக் காட்டினன். பாத்திட்டு மேனேஜரிட்டக் கேக்கப் போனவ, வந்து "பழைய காட் இருக்கா?" எண்டா. அம்மா பேர்ஸத் திறந்து அந்தப் போட்டோகொப்பிய நீட்டினா. முகமில்லாத, பொட்டு மட்டும் தெரியிற படம். அதோட சரிவந்திட்டு.